ஒரு கோடு ஓடும் முன்னே: குடுமியான்மலையில் லைன் சார்ட் கட்டும் வேடிக்கை

மீட்டிங்கில் திரையில் ஒரு கோடு வருகிறது. இடமிருந்து வலமாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. "ஆடியில நல்ல விற்பனை போல" என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். ஆனால் அது மேடையேறுவதற்கு முன்னால் உள்ளே நடக்கும் அமளி இருக்கிறதே! எந்தத் தேதியைக் கீழ் அச்சில் வைப்பது, எதைக் கூட்டுவது, எதைக் கூட்டவே கூடாது, கணக்கே இல்லாத மாதத்தில் கோட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. ரிப்போர்ட் போடும் மென்பொருளில் லைன் சார்ட் அமைப்பதுதான் என் வேலையிலேயே எனக்கு உயிர். வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

இடம், குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். விவசாயம் படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் அண்ணா பண்ணை. 2014-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி. இசை படிக்கிறவர்களுக்கோ இது பாறையில் வெட்டிய ஸ்வர ஏடு. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு ராகங்களின் ஸ்வரங்கள் குன்றின் முகத்தில் வரிவரியாக நிற்கின்றன. விதைக் கணக்கும் ஸ்வரக் கணக்கும் ஒரே ஊரில்! லைன் சார்ட் போடுகிறவருக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்? ஆகவே இன்றைக்கு இரண்டு சார்ட். ஒன்று கடைத்தெருவுக்கு, ஒன்று பாறைக்கு.

உள்ளே போகும் முன் ஒரே ஒரு பழங்கதை. 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைப் படங்களாகப் போட்டு ஓர் அட்லஸ் வெளியிட்டார். நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடம் போடும் வேலை பார்த்த கை அது. மொத்தம் 44 படங்கள். அவற்றில் 43 காலத்தோடு ஓடும் கோடுகள். கிழக்கிந்தியாவோடு நடந்த ஏற்றுமதி, இறக்குமதிக்கும் அதில் ஒரு படம் உண்டு. மிச்சமிருந்த அந்த ஒரு படம் மட்டும் ஏன் கோடு இல்லை தெரியுமா? ஸ்காட்லாந்துக்கு ஒரு வருடக் கணக்குதான் அவர் கையில் இருந்தது. ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு கோடு எப்படி இழுப்பது? அதனால் பட்டைகளாக வரைந்தார். கோடு போடக் காலம் போதாமல் பிறந்ததுதான் அவருடைய பார் சார்ட்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் பொங்கும். கோட்டுக்கு முதல் உணவு காலம் என்பதை அன்றைக்கே அவர் கை அறிந்திருக்கிறது.

சரி, கடைத்தெருவுக்கு வருவோம். குடுமியான்மலையில் ஒரு விதைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலக்கடலை விதை, வம்பன் உளுந்து, நெல் விதை விற்கிறார்கள். பில் போடும் கணினியில் ஐந்து பத்திகள்: தேதி, விதை, ரகம், கிலோ, தொகை. நாலைந்து வருடக் கணக்கு சேர்ந்திருக்கிறது. கடைக்கார அண்ணனுக்கு ஒரே கேள்வி. "எந்த மாசத்துக்கு எவ்வளவு சரக்கு முன்கூட்டியே எடுத்து வைக்கலாம் தம்பி?"

கருவி எதுவானாலும் வேலை ஒன்றுதான். நம்ம ஊர் ஜோஹோ அனலிடிக்ஸ் என்றால் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, கலர் என்று காலிப் பெட்டிகள் இருக்கும். தேதியைப் பிடித்து இழுத்து எக்ஸில் போடு, கிலோவை ஒய்யில் போடு, விதையின் பெயரைக் கலரில் போடு. மைக்ரோசாஃப்டின் ரிப்போர்டிங் சர்வீசஸ் என்றால் இதையே கேட்டகரி, வேல்யூ, சீரீஸ் என்று கேட்கும். பவர் பிஐ லெஜண்ட் என்று கேட்கும். பெயர்தான் வேறு, கேட்பது ஒன்றே: எதன் மேல் நகர்வது, எவ்வளவு உயரம், எத்தனை கோடு.

தேதியைத் தமிழ் மாதப் பெயராக மாற்றி (ஏன் என்று பிறகு சொல்கிறேன்) இழுத்துப் போட்டாயிற்று. பட்டனை அழுத்தினால் கோடு வந்து நிற்கிறது. அடடா, என்ன கோடு இது! பேய் பிடித்தது போல மேலும் கீழும் குதிக்கிறது. கீழே மாதப் பெயர்களைப் பாருங்கள்: ஆடி, ஆவணி, ஆனி, ஐப்பசி, கார்த்திகை, சித்திரை, தை, பங்குனி, புரட்டாசி, மாசி, மார்கழி, வைகாசி. மென்பொருள் பாவம், மாதங்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டது! சித்திரை கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வருடத்தைத் திறந்து வைக்க வேண்டிய மாதம் ஆறாவது இடத்தில்! தமிழ் அகர வரிசை தெரியாத கருவி என்றால் இன்னும் ஒரு கூத்து. யூனிகோடில் ன என்ற எழுத்துக்கு ந-வின் பக்கத்து வீடு. அதனால் அங்கே ஆனி, ஆவணிக்கு முன்னால் வந்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி எழுத்து. ஆவணிக்குப் பின்னால்தான் வரும். ஒரே தரவு, ஒரே சார்ட், இரண்டு கருவியில் இரண்டு வடிவம்!

மருந்து எளிது. மாதப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் பத்தி சேர்க்க வேண்டும். சித்திரை 1, வைகாசி 2, பங்குனி 12. பிறகு பெயரைக் காட்டு, எண்ணை வைத்து அடுக்கு என்று சொல்லிவிடலாம். பவர் பிஐயில் இதற்கு 'சோர்ட் பை காலம்' (Sort by column) என்றே ஒரு பட்டன் இருக்கிறது. ரிப்போர்டிங் சர்வீசஸில் கேட்டகரி குரூப்பின் சோர்ட்டிங் பக்கத்தில் எண் பத்தியைக் கொடுக்க வேண்டும். கொடுத்த நொடியில் கோடு சிலிர்த்துக்கொண்டு நேராகிறது பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்!

ஜூலை, ஆகஸ்ட் என்று போட்டுவிட்டுப் போகாமல் தமிழ் மாதத்தை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். இதில்தான் இந்தச் சார்ட்டின் ரகசியமே இருக்கிறது. விதைப்பு நடப்பது பட்டத்தை வைத்து. ஆடிப் பட்டம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆங்கில மாதத்தில் கூட்டினால் அந்த ஒரே பட்டத்தின் விற்பனை ஜூலையில் பாதி, ஆகஸ்டில் பாதி என்று பிளந்துவிடும். கோட்டில் மொட்டையாக ஒரு மேடு தெரியும். ஆடி என்று கூட்டினால் அதே விற்பனை கூர்மையான ஒரே சிகரம். அண்ணனுக்கு வேண்டியது அந்தச் சிகரம்தான். தமிழ் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும். அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து எந்தத் தேதி எந்த மாதம் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு, பில் தேதியோடு அதை இணைத்துவிட வேண்டும். பஞ்சாங்கமும் பிசினஸ் ரிப்போர்ட்டும் கைகுலுக்கும் இடம் இது! ஒரு கோடு எந்தத் துண்டுகளாகக் காலத்தை வெட்டுகிறது என்பதை அந்தத் தொழிலே சொல்ல வேண்டும். ஆடிட்டருக்குப் போகும் ரிப்போர்ட் என்றால் ஏப்ரல் முதல் மார்ச். விதை என்றால் பட்டம்.

அடுத்து ஒரு சின்ன மெனு. சின்னதுதான், ஆனால் பொல்லாதது. ஜோஹோவில் தேதியைப் போட்டதும் ஆக்சுவல், சீசனல் என்று வகை கேட்கும். ஆக்சுவல் என்றால் 2022 ஜூலை வேறு, 2023 ஜூலை வேறு; கோடு நீளமாக ஓடும். சீசனல் என்றால் எல்லா வருடத்து ஜூலையும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும், பன்னிரண்டே புள்ளி. வியாபாரம் வளர்கிறதா என்று பார்க்க முதலாவது. எந்த மாதம் சரக்கு ஓடும் என்று பார்க்க இரண்டாவது. அண்ணனுக்கு இரண்டாவதுதான் தேவை. ஆனால் வருடத்தைத் தூக்கிக் கலர் பெட்டியில் போட்டால் வருடத்துக்கு ஒரு கோடாக, பன்னிரண்டு மாதத்தின் மேல் ஐந்து கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படரும். எல்லாக் கோடும் ஆடியில் சேர்ந்து எழும்பினால் அது பழக்கம். ஒன்று மட்டும் எழும்பினால் அந்த வருடம் ஏதோ நடந்திருக்கிறது. இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

கூட்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எண் என்று பார்த்தாலே மென்பொருள் கூட்டத் துடிக்கும். விற்ற கிலோவைக் கூட்டலாம், தப்பில்லை. கிலோ விலையைக் கூட்டலாமா? முப்பது நாள் விலையைக் கூட்டினால் வருவது யாருக்கும் வேண்டாத எண், அங்கே சராசரி. கையிருப்பு? கூட்டவும் கூடாது, சராசரியும் அரைகுறைதான். மாதக் கடைசி நாளில் குடோனில் என்ன நின்றதோ அதுதான் பதில். மூன்றும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகள். மூன்றுக்கும் மூன்று நியாயம்.

இனி, இந்த வேலையில் நான் அதிகம் மதிக்கும் இடம். கோடு அறுந்து போகும் இடம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கடையின் பில் கணினி எப்படி ஓடியிருக்கும்? நாள்வாரிக் கோடு போட்டால் அந்த நாட்களில் தரவே இருக்காது. மென்பொருள் இப்போது நம்மைப் பார்த்துக் கேட்கிறது: காலியாக விடட்டுமா, சுழியம் என்று வைக்கட்டுமா, இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் இணைத்துவிடட்டுமா? எக்செலில் இந்த மூன்று பொத்தானும் ஒரே சின்னப் பெட்டியில் வரிசையாக நிற்கும். ரிப்போர்டிங் சர்வீசஸில் எம்ப்டி பாயின்ட் என்று தேடினால் சராசரியா, சுழியமா என்று கேட்கும்.

மூன்று பொத்தான், மூன்று வாக்குமூலம்! சுழியம் வைத்தால், கடை திறந்திருந்தது, ஒருவரும் வாங்கவில்லை என்று கோடு சொல்கிறது. இணைத்துவிட்டால், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது என்று சொல்கிறது. இரண்டுமே நடக்கவில்லை. இடைவெளி விட்டால் மட்டும், இங்கே எழுதி வைக்க ஆளும் இல்லை, விளக்கும் இல்லை என்ற உண்மை அப்படியே நிற்கும். நான் எப்போதும் இடைவெளியைத்தான் விடுவேன். அதன் தலையில் 'கஜா புயல்' என்று ஒரு சின்னக் குறிப்பும் வைப்பேன். அதே வாரத்தில் கடை திறந்திருந்து, நோட்டுப் புத்தகத்தில் கையால் கணக்கு எழுதி, உண்மையிலேயே விற்பனை ஒன்றும் ஆகாத நாளுக்கு மட்டும் சுழியம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுக்கிறவர், நடுவிலும் ஏதோ இருந்தது என்று வாக்குக் கொடுக்கிறார். கொடுக்க முடிந்தால் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பேனாவைத் தூக்கிவிட வேண்டும்.

இதே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் போவோம். என் கை பரபரக்கிறது!

சிகாநாதசுவாமி கோயிலுக்குள் நுழைந்து, தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் சிற்பங்களைத் தாண்டிப் போனால் குன்றைக் குடைந்த மேலைக்கோயில். அந்தக் குடைவரைக்குப் பக்கத்தில் பாறையைச் செதுக்கிச் சமப்படுத்தி, சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் இசைக் கல்வெட்டு. பக்கத்திலேயே பாறையில் புடைத்து நிற்கும் பிள்ளையார். ருத்ராசாரியார் என்பவரின் மாணவரான, சிவபக்தரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசர் முதலாம் மகேந்திரவர்மன்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, மறுப்பவர்களும் உண்டு. எபிகிராபியா இண்டிகாவின் 12-ஆம் தொகுதியில் பி.ஆர். பண்டார்க்கர் இதைப் பதிப்பித்தார்.

தரவாகப் பாருங்கள் இதை. ஏழு பகுதிகள்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். ஒவ்வொன்றின் தலையிலும் பெயர். உள்ளே வரிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு ஸ்வரங்களாக 16 கூட்டங்கள். ஒரு வரிக்கு 64 ஸ்வரம்! ஒரு வரியில் உள்ள கூட்டங்களெல்லாம் ஒரே ஸ்வரத்தில் முடிகின்றன. இவ்வளவு ஒழுங்கான தரவை இன்றைக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உளியில் தந்திருக்கிறார்கள்.

பத்திகள் இப்படி அமையும்: ராகம், வரி, கூட்டம், கூட்டத்துக்குள் இடம், ஸ்வரம். எக்ஸ் அச்சு? 1 முதல் 64 வரை வரிசை எண். ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று பாறையில் இல்லை. ஆகவே இது கால அளவு அல்ல, முறை மட்டும்தான். அச்சைத் தேதி போல விரியவிடக் கூடாது, பெயர்ப் பட்டியல் போலச் சம இடைவெளியில் வைக்க வேண்டும். கிரிட்லைன் இடைவெளி 4. இந்த ஒரு எண்ணைப் போட்டதும் சார்ட்டில் 16 கட்டங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் கடைசிப் புள்ளியும் ஒரே மட்டத்தைப் போய்த் தொடுகிறது. டக், டக், டக் என்று 16 தடவை! கண்ணாலேயே தாளம் போடலாம்.

ஒய் அச்சில்தான் பெரிய விருந்து. ஸ, ரி, க, ம, ப, த, நி என்று 1 முதல் 7 வரை கொடுத்தால் போதுமா? போதாது. ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம் சமமில்லை. பரதரின் நாட்டிய சாஸ்திரக் கணக்கில் ஒரு ஸ்தாயி 22 சுருதி. ஷட்ஜகிராமம் என்ற ஸ்வர அடுக்கில் ஸவுக்கு 4, ரிக்கு 3, கவுக்கு 2, மவுக்கு 4, பவுக்கு 4, தவுக்கு 3, நிக்கு 2. ஏறுமுகமாகக் கூட்டிக்கொண்டே வந்தால் உயரங்கள் 4, 7, 9, 13, 17, 20, 22. மத்யமகிராமத்துக்கு வந்தால் ப மட்டும் ஒரு சுருதி கீழே இறங்கி 16-இல் நிற்கும்! ஆகவே ஸ்வரத்துக்கு உயரம் தரும் துணை அட்டவணையில் கிராமத்துக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஸ்வரமும் கிராமமும் சேர்ந்தால்தான் உயரம். கவின் உயர்த்திய வடிவமான அந்தரக் காந்தாரத்துக்கு 11. ஒரே ஒரு சுருதி இறக்கம் சார்ட்டில் மயிரிழைதான் தெரியும். அதைத் தவறவிட்டால் பழைய இசையின் இரண்டு கிராமங்களுக்கும் உள்ள வேறுபாடே படத்திலிருந்து காணாமல் போய்விடும்.

பிறகு ஒரு வழுக்குப் பாறை. நியிலிருந்து அடுத்த ஸவுக்குப் போனால் காதுக்கு அது ஒரு படி ஏற்றம். சார்ட்டிலோ 22-இலிருந்து 4-க்குத் தலைகுப்புற விழும்! எந்த ஸ்தாயி என்று ஐயமறத் தெரிந்தால் 26 என்று தூக்கி வைக்கலாம். சில எழுத்துகளின் தலையில் புள்ளிகள் இருக்கின்றன; அவற்றின் பொருள் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. அதனால் நான் உயரத்தைக் கூட்டுவதில்லை. அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் மார்க்கரை மட்டும் நிரப்பாமல் விட்டுவிடுகிறேன். காற்றின் திசையைச் சார்ட் போடுகிறவர்களும் இதே பாறையில்தான் வழுக்குவார்கள். 359 டிகிரியும் 1 டிகிரியும் பக்கத்துப் பக்கம், கோட்டில் எதிரெதிர்க் கோடி.

இன்னொரு புதிரும் உண்டு. ஒவ்வொரு ஸ்வரமும் நான்கு உயிரோசையில் வருகிறது: ர, ரி, ரு, ரெ என்பது போல. நுண்சுருதியைக் குறிக்கிறது என்றார் ஒருவர், நரம்பை மீட்டும் முறை என்றார் வேறொருவர். விடை தெரியாத ஒன்றை உயரத்தில் ஏற்றினால் சார்ட் ஒரு கட்சியில் சேர்ந்துவிடும். ஆகவே அதை மார்க்கரின் வடிவத்தில் ஏற்றினேன்: வட்டம், முக்கோணம், சதுரம், வைரம். யார் எந்தக் கட்சி என்றாலும் இதே படத்தைப் பார்த்து வாதாடலாம்.

இப்போது கோடு இழுப்போமா? கூட்டத்துக்குள் இருக்கும் நான்கு ஸ்வரமும் சேர்ந்து ஒரு சொற்கட்டு போல நிற்கின்றன, அவற்றை இணைக்கலாம். ஒரு கூட்டத்தின் முடிவையும் அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தையும் இணைக்க நமக்கு என்ன உரிமை? கஜா நாட்களுக்குச் செய்ததையே இங்கேயும் செய்வோம். ஒவ்வொரு நான்குக்கும் பின்னால் ஒரு காலிப் புள்ளியைச் செருகி, கிரிட்லைன் இடைவெளியையும் அதற்கேற்ப மாற்றினால் கோடு அறுந்து அறுந்து 16 சின்னக் கீற்றுகளாக நிற்கும். மீட்டிய நரம்பு ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கியதா, தாவியதா என்று பாறை சொல்லவில்லை. சாய்ந்த கோடு வழுக்கலைச் சொல்லிவிடும் என்பதால் ஸ்டெப் லைன் என்ற படிக்கட்டுக் கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். அரசு அறிவிக்கும் பால் கொள்முதல் விலை, பஸ் கட்டணம் போல அறிவித்த நாளில் மாறி, அடுத்த அறிவிப்பு வரை அப்படியே நிற்கும் எதற்கும் இதுதான் பொருத்தமான கோடு.

ஏழு ராகத்தையும் ஏழு நிறத்தில் ஒரே சார்ட்டில் போட்டுப் பார்த்தால் கண் குருடாகும் அளவுக்குச் சிக்கல். இத்தனை கோடுகளை ஒரே சட்டத்தில் வைக்கும் எந்த ரிப்போர்ட்டுக்கும் இதே கதி. வழி என்ன? ஸ்மால் மல்டிபிள்ஸ்: ஒரே அளவு, ஒரே அச்சு, சின்னச் சின்ன ஏழு சார்ட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர். பவர் பிஐயில் ராகத்தை அதே பெயருள்ள பெட்டியில் இழுத்துப் போட்டேன். ஏழு படமும் வரிசையாக விரிந்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மேலே பெயர், கீழே வரிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு பகுதி. பாறையில் சிற்பி அமைத்த அதே அமைப்பு! ஏழையும் குழப்பாமல் எடுத்துப் பார்க்க மாணவருக்கு எது வசதியோ அதை அன்றைக்கே கண்டுபிடித்து வெட்டியிருக்கிறார்கள். லெஜண்ட் பெட்டியே தேவையில்லை.

மிச்ச அலங்காரங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டை வளைவாக்கும் ஸ்மூத் பொத்தானைத் தொடாதீர்கள்; அழகுக்காக வளையும் கோடு தரவில் இல்லாத சிகரத்தைக் கட்டும், சில சமயம் சுழியத்துக்குக் கீழே போய் மைனஸ் விற்பனையும் காட்டும். பார் சார்ட் சுழியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். லைன் சார்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரிய வேண்டும். ஏழு சின்னச் சார்ட்டுக்கும் ஒய் அச்சு ஒன்றாகவே இருக்கட்டும். தனித்தனியாக விட்டால் சின்ன அலையும் பெரிய அலையும் ஒரே உயரத்தில் நிற்கும். எண்ணைப் பத்து லட்சம் என்று நம் முறையில் காட்ட, மொழி அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் 10,00,000 என்று காற்புள்ளி சரியாக விழும். அண்ணன் கடையில் கறுப்பு வெள்ளை பிரின்டர் என்றால் நிறத்தை நம்பாமல் ஒரு கோடு முழுசாக, ஒன்று விட்டு விட்டு, ஒன்று புள்ளியாக. கோட்டின் வலது நுனியிலேயே 'நிலக்கடலை' என்று எழுதிவிட்டால் கண் அலைய வேண்டாம்.

கடைச் சார்ட் தயார். திங்கள்கிழமை தோறும் காலையில் தானாக மெயிலில் போகும்படி ஷெட்யூல் போட்டாயிற்று. அச்சில் எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினால் கடைக்கார அண்ணன் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தம்பி, மழையையும் இதே படத்துல ஏத்திர முடியுமா?"

முடியும் அண்ணே. வலது பக்கம் இன்னொரு ஒய் அச்சை வைத்து மில்லிமீட்டரை ஏற்றலாம், ஒரே ஒரு டிக் தான். ஆனால் கிலோவையும் மில்லிமீட்டரையும் ஒரே சட்டத்தில் வைத்தால், இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்பதை மழை முடிவு செய்யாது, நான் அச்சில் போடும் எண்தான் முடிவு செய்யும். இடது அச்சை 500-இல் நிறுத்தினால் ஒரு கதை, 1000-இல் நிறுத்தினால் வேறு கதை. அதனால் மழைக்குத் தனிப் படம் போட்டு, விற்பனைப் படத்துக்கு நேர் கீழே, அதே சித்திரை முதல் பங்குனி வரையிலான அச்சோடு ஒட்டித் தருகிறேன். மழை என்பது மாதத்துக்கு ஒரு மொத்தம், அதனால் அதைப் பட்டையாகவே வைப்போம். ஆடியிலிருந்து ஸ்கேலை நேராகக் கீழே இறக்கிப் பாருங்க, ஐப்பசியிலும் ஒரு தடவை இறக்கிப் பாருங்க. ரெண்டும் எப்படிப் பேசிக்கொள்கிறது என்று நீங்களே எனக்குச் சொல்வீங்க.